ஆறாவது இடம்

கேள்வித்தாள் கட்டைப் பிரித்து, பி.காம் வரிசைக்கு ஒன்று, உயிர்வேதியியல் வரிசைக்கு ஒன்று என மாற்றி மாற்றிக் கொடுத்து, வருகைத் தாளில் கையெழுத்து வாங்கி முடித்தபோது அறையிலிருந்த பிள்ளைகள் எல்லாம் குனிந்துவிட்டார்கள். மங்கையர்க்கரசி நாற்காலியில் உட்காராமல் சன்னலோரம் போய் நின்றாள். கார்த்திகை பிறந்ததிலிருந்து ஓசூரில் நல்ல குளிர். சன்னல் கதவுகளை யாரோ நேற்றே சாத்தி, கொக்கிக்குப் பதிலாகச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். இனி மதியம் வரை இந்த அறையை விட்டு வெளியே போக முடியாது. செல்பேசியைக் காலையிலேயே பரீட்சை அலுவலகத்தில் பெயர் ஒட்டிக் கொடுத்தாயிற்று. பிள்ளைகளிடம் வாங்குவதைப் போலவே ஆசிரியர்களிடமும் வாங்கிவிடுகிறார்கள். போன பருவத்தில் விலங்கியல் ஆசிரியை ஒருத்தி காய்ச்சல்காரக் குழந்தையைப் பற்றிக் கேட்க வராந்தாவில் நின்று பேசினாள் என்று மெமோ கொடுத்தார்கள். அதிலிருந்து இந்த ஏற்பாடு. ஒரு விதத்தில் நல்லதுதான் என்று அவள் நினைத்தாள். வீடு என்கிற ஒன்று மூன்று மணி நேரத்துக்கு இல்லாமல் இருக்கும். ஆனால் வீடு அப்படி இல்லாமல் போய்விடவில்லை. எண்ணெய் காய்ச்சிய வாணலியைத் தண்ணீர் ஊற்றாமல் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டு, மிளகு வெடித்ததும் இறக்கி, கிண்ணத்தில் ஊற்றி, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து சோபாவில் சாய்ந்திருந்த கணவர் தணிகாசலத்தின் பக்கத்தில் வைத்தாள். சனிக்கிழமை. மூன்று நாளாகத் தலைவலி என்கிறாரே. "நல்லா தேச்சு ஊறவச்சு, சுடச்சுட ரொம்ப நேரம் குளிங்க. தலையில இருக்கற நீர் எல்லாம் எறங்கிரும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரொம்ப நேரம்னா எவ்வளவு நேரம், அரசி?" என்றார். "தண்ணி தீர்ற வரைக்கும்" என்றாள்.

மேசைக்குத் திரும்பி வந்து, மிஞ்சிய கேள்வித்தாள்களை அடுக்கினாள். தன் பாடத்துப் பரீட்சை நடக்கும் அறையில் அந்தப் பாட ஆசிரியரைக் கண்காணிப்புக்குப் போடக்கூடாது என்பது விதி. இரண்டு பேர் விடுப்பில் போனதால் விதி இன்று வளைந்திருந்தது. "பேப்பரைப் படிக்காதீங்க மேடம், பசங்க உங்க மூஞ்சியைப் பாத்தே பதிலைக் கண்டுபிடிச்சிருவாங்க" என்று தலைமைக் கண்காணிப்பாளர் தேவசகாயம் காலையில் சொன்னார். பாதி விளையாட்டு. அவள் படித்தாள். பத்து மதிப்பெண் பகுதியில் இரண்டாவது கேள்வி: ஹீமில் உள்ள இரும்புடன் ஆக்சிஜனும் கார்பன் மோனாக்சைடும் பிணையும் விதத்தை ஒப்பிட்டு விளக்குக. சுலபமான கேள்விதான். நடத்தும்போது, ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற ஹீம் இதுதான் என்று கரும்பலகையில் ஒரு சதுரம் போடுவாள். நடுவில் இரும்பு. நான்கு மூலையிலும் நான்கு நைட்ரஜன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அடியிலிருந்து ஐந்தாவதாக ஹிஸ்டிடின் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கும். மேலே ஆறாவது இடம் காலி. இந்த ஒரு காலி இடத்தை வைத்துக்கொண்டுதான் நீங்கள், நான், எதிரே போகிற மாடு எல்லாரும் உயிரோடு இருக்கிறோம் என்பாள். டவுன் பஸ்சில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல நுரையீரலில் ஆக்சிஜன் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். சற்றுச் சாய்ந்து, ஒருக்களித்து உட்காரும். இறங்க வேண்டிய இடத்தில் மரியாதையாக எழுந்து இறங்கிவிடும். கார்பன் மோனாக்சைடு அப்படியில்லை. நிமிர்ந்து உட்காரும். கண்டக்டர் வந்து எழுப்பினாலும் எழுந்திருக்காது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமான பிடி. வெறும் ஹீமாக இருந்தால் அது பல ஆயிரம் மடங்கு. ஹீமைச் சுற்றியிருக்கும் புரதம் ஆக்சிஜனுக்குக் கொஞ்சம் கைகொடுத்துத் தாங்குவதால்தான் இருநூறோடு நிற்கிறது. புரதம் மோனாக்சைடை வளைத்து ஒடுக்குகிறது என்றுதான் பழைய புத்தகங்களில் இருந்தது. அவளும் பல வருஷம் அதையே நடத்தினாள். பிறகு அது முழுச் சரியில்லை என்று படித்து, அடுத்த வகுப்புக்கு மாற்றிச் சொன்னாள். முந்தைய வகுப்புகள் தவறோடு பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒருத்தி இப்போது பெங்களூரில் பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்து எத்தனை வருஷம் ஆயிற்று. வகுப்பில் இன்னொன்றும் சொல்வாள், எல்லா வருஷமும் சொல்வாள். ஒரு ஹீமோகுளோபினில் நான்கு ஹீம், அதாவது நான்கு இருக்கை; அதில் ஒன்றை மோனாக்சைடு பிடித்துவிட்டால், மீதி மூன்றில் இருக்கிற ஆக்சிஜனும் இறங்க மறுக்கும். அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் மூளை பட்டினி கிடக்கும். நோயாளி நீலம் பாரிக்க மாட்டார். நீங்கள் விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டர் இருக்கிறதே, அது

அந்த இடத்தில் அவள் நினைப்பு நின்றது. "மேடம், அடிஷனல் ஷீட்" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பி.காம் பையன் எழுந்து நின்றான். பரீட்சை தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. "அதுக்குள்ளயா?" "எழுத்து பெருசு மேடம்." அருகில் இருந்தவன் சிரிப்பை அடக்கினான். அவள் தாளை எடுத்துக்கொண்டு போய், எண்ணைக் குறித்து, கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து மூன்றாவது எழுத்தில் கோணலாகப் போனது. அந்த ஆக்சிமீட்டர், ரத்தம் எவ்வளவு சிவப்பு என்றுதான் பார்க்கும். ஏன் சிவப்பு என்று அதற்குத் தெரியாது. இரண்டு நிற ஒளியை விரல் வழியே அனுப்பி, எது எவ்வளவு மறுபக்கம் வந்தது என்று பார்த்துக் கணக்குப் போடும். ஆறாவது இடத்தில் ஆக்சிஜன் இருந்தாலும் ரத்தம் சிவப்பு, மோனாக்சைடு இருந்தாலும் சிவப்பு. கருவி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தொண்ணூற்றொன்பது என்று காட்டும். தேர்வில் வரும், குறித்துக்கொள்ளுங்கள் என்பாள். பையனிடம் தாளைக் கொடுத்துவிட்டு அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பையன் நிமிர்ந்து, "வேற ஏதாவது மேடம்?" என்றான். "ஒண்ணுமில்ல, எழுது."

முந்தாநாள், வியாழக்கிழமை. அவர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தார். முகம் வேர்த்திருந்தது. "என்னமோ மாதிரி இருக்கு அரசி. தலை வெடிக்குது. குமட்டுது" என்றார். வாஷ்பேசினில் போய் ஒரு முறை வாந்தியும் எடுத்தார். அவளுக்கு முதல் வகுப்பு. மாவு கரண்டியில் இருந்தது. கொரோனா காலத்தில் வாங்கி, பிரிட்ஜ் மேல் மாத்திரை டப்பாவில் கிடந்த ஆக்சிமீட்டரை எடுத்து, மின்கலத்தைக் கையால் தேய்த்துப் போட்டு, அவர் விரலில் மாட்டினாள். சிவப்பு எண் கொஞ்ச நேரம் தடுமாறி நின்றது. "தொண்ணூத்தொன்பது" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டே, "அந்த ஒரு மார்க்கு எங்க போச்சு?" என்றார். "கையெழுத்து சரியில்லன்னு கொறச்சிருப்பாங்க." "உங்க காலேஜ் புத்தி மெஷினுக்கும் வந்திருச்சு." இருவரும் சிரித்தார்கள். அவள் தோசையைத் திருப்பினாள். நைட் ஷிஃப்ட்தான், தூக்கம் கெட்டால் தலை வலிக்காமல் என்ன செய்யும் என்றாள். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மறுபடி மாட்டினாள். தொண்ணூற்றெட்டு. "ஒண்ணு கொறஞ்சிருச்சு, படிப்புல கவனமில்ல" என்றார். ஆலைக்குப் போனதும் சரியாகிவிடுகிறது என்றும் அவரே சொன்னார். வேலைக்குப் போனால் தலைவலி போகிற மனுஷனை நான் இன்றுதான் பார்க்கிறேன் என்று அவள் கிண்டல் செய்தாள். வீட்டில் வருகிறது, வெளியே போனால் போகிறது. குளித்தால் வருகிறது. இதை வகுப்பில் ஒரு கேள்வியாகக் கொடுத்திருந்தால் கடைசிப் பெஞ்சுக்காரன்கூட விடை எழுதியிருப்பான். கையில் கரண்டி இருந்தது, வகுப்புக்கு நேரமாகியிருந்தது, எண் நன்றாக இருந்தது. அவள் எண்ணை நம்பினாள்.

இல்லை, அப்படியே முடிவுகட்டிவிடக் கூடாது. அவள் வரிசைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள். நடந்தால் யோசனை ஒழுங்காக வரும். குளியலறையில் கேஸில் எரிகிற வாயு கீசர் போன வருஷமும் இருந்தது, அதற்கு முந்தின வருஷமும் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. நாட்டில் எத்தனை குளியலறையில் இருக்கிறது. இந்த வருஷம் மட்டும் என்ன புதிது? இந்த வருஷம் ஃப்ளெக்ஸ் புதிது. குளியலறையின் மேல்சுவரில் இருக்கும் காற்றுச் சன்னல் வழியாகக் குளிர்காற்று முதுகில் அறைகிறது என்று தீபாவளி முடிந்ததும் அவள்தான் சொன்னாள். நாலு தடவை சொன்னாள். ஐந்தாவது தடவைக்கு முன்னால் அவர் ஆலையில் ஆயுத பூஜைக்கு அடித்த பழைய ஃப்ளெக்ஸை வெட்டிக் கொண்டுவந்து, நாலு பக்கமும் ஆணி அடித்து, ஓரத்துக்குச் செல்லோ டேப்பும் ஒட்டினார். எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்கிற கை. அந்தத் துண்டில் ஓர் ஓரத்தில் வட்டத்துக்குள் அவர் முகமே இருந்தது, கூட இரண்டு ஃபோர்மேன்கள். "நான் குளிக்கறப்ப இந்த ரெண்டு பேரும் பாத்துட்டு இருக்கணுமா?" என்று கேட்டதற்கு, பால்பாயின்ட் பேனாவால் அவர்கள் கண்ணில் கறுப்புக் கண்ணாடி வரைந்தார். அன்றிலிருந்து குளியலறை கதகதப்பாக இருக்கிறது. எவ்வளவு சுகம் என்று அவளே பாராட்டினாள். கீசரின் தீ நீலமாக இருப்பது போய் நுனியில் மஞ்சள் தட்டியதையும் பார்த்தாள். காற்று போதாத தீ மஞ்சளாகும், மோனாக்சைடைக் கக்கும். ஒன்பதாம் வகுப்புப் பாடம். அகல்விளக்கு மாதிரி அழகாக இருக்கிறது என்றுதான் அன்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்த பிறகு அவளுக்கும்தான் நெற்றிப் பொட்டு இரண்டும் தெறித்தன. சைனஸ் என்று ஆவி பிடித்தாள். அதையும் அந்தக் குளியலறையிலேயே வைத்துப் பிடித்தாள்.

சரி, அவர் இன்னும் குளிக்கப் போயிருக்க மாட்டார். அதை நினைத்ததும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. தணிகாசலம் பேப்பர் படிக்கிற விதம் அவளுக்குத் தெரியும். முதல் பக்கத்திலிருந்து டெண்டர் அறிவிப்பு வரை வரி விடாமல் படிப்பவர். கண்ணீர் அஞ்சலிகளில் வயதைப் பார்த்து, தன் வயதைக் கழித்துப் பார்ப்பார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, வெயில் வரட்டும் என்று இருப்பார். மாடி வீட்டு முனிரத்னம்மா துணி காயப்போட வந்தால் அவளோடு தண்ணீர் வரி பற்றிப் பேசுவார். ஆனால் எவ்வளவு நேரம் பேசுவார். இன்றைக்கு வெயில் இல்லை. குளிரில் எண்ணெய் உடம்போடு எவ்வளவு நேரம் உட்கார முடியும். நடுங்கினால் சீக்கிரம் உள்ளே போவார். உள்ளே போனால் சீக்கிரம் வெளியே வரமாட்டார், ஏனென்றால் சுடச்சுட ரொம்ப நேரம் குளிக்கச் சொல்லி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். மற்ற நாளில் அவர் காக்காய்க் குளியல்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்கே வாந்தி. இன்று எண்ணெய் போக வேண்டும், சீயக்காய் தேய்க்க வேண்டும், கண்ணெரிச்சல் போகக் கழுவ வேண்டும், கீசர் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு போகத் தண்ணீர் நன்றாகக் கொதிக்க வேண்டும். கதவுக்கு அடியில் இருந்த இடுக்கிலும் அவர் ரப்பர் பட்டை வைத்துவிட்டார், போன மழையில் பூரான் வந்ததால். எதையும் திருத்தமாகச் செய்கிற கை.

வராந்தாவில் நஞ்சப்பா தண்ணீர்க் குடத்தோடு வந்தார். அலுவலக உதவியாளர், எல்லா அறைக்கும் தண்ணீரும் விடைத்தாள் கட்டும் நூலும் கொண்டு வருபவர். அவள் வாசல் வரை போனாள். வாசற்படிக்கு அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. "நஞ்சப்பா, உங்ககிட்ட போன் இருக்கா?" அவர் குடத்தை இடுப்பு மாற்றினார். "எங்க மேடம். எங்களதையும் சேத்து வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க. சாவி தேவசகாயம் சார் இடுப்புல." "எனக்கு ஒரு ரிலீவரை அனுப்பச் சொல்லுங்க. அவசரம்." "பாத்ரூமா மேடம்?" "ஆமா" என்றாள். "சாவித்திரி மேடம் அந்தப் பக்கம் பிளாக்குல ரிலீவ் பண்ணிட்டு இருக்காங்க. அது முடிஞ்சுதான் வருவாங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க. இன்னைக்குப் பறக்கும் படை வருதாம், கிருஷ்ணகிரிய தாண்டிட்டாங்கன்னு போன் வந்துச்சு." "யாருக்குப் போன் வந்துச்சு?" "சாருக்குத்தான்." அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வோர் அறையிலும் நின்று நின்று போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் ஒவ்வோர் அறையாகத் தள்ளிப் போய்க் கேட்டது.

பொறுத்துக்கொள்ளலாம். சாவித்திரி வருவாள். வந்தவுடன் போய்ப் போன் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வது? என் வீட்டுக்காரர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார், அதனால் போன் வேண்டும். தேவசகாயம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அதை ஸ்டாஃப் ரூமில் வருஷம் பூராவும் சொல்வார்கள். போன் எடுத்தால் தணிகாசலம் ஈரத் தலையோடு, "என்ன அரசி, தண்ணி தீரல இன்னும்" என்பார். அவர் சிரிப்பார். சிரிக்கட்டும். சிரித்தால் போதும். ஆனால் பறக்கும் படை வரும் நேரத்தில் அறையை விட்டுப் போனால் மெமோ இல்லை, விசாரணை. இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக் கோப்பு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் இன்னும் உதவிப் பேராசிரியர். இந்த நேரத்தில் அதை நினைக்கிறோமே என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அருவருப்போடு அதையே மறுபடி நினைத்தாள். அவர் உடம்பு வலுவான உடம்பு. ஆலையில் இரும்பு அச்சு தூக்குகிற உடம்பு. ஆனால் வலுவான உடம்பு அதிக மூச்சு வாங்கும். அதிக மூச்சு என்றால் அதிக வாயு. மணமில்லாத வாயு, நிறமில்லாத வாயு, கண் எரியாது, தொண்டை கமறாது. உடம்பே கொஞ்சம் மோனாக்சைடை உற்பத்தி செய்கிறது, பழைய ஹீமைப் பிரிக்கும்போது. அதனால் உடம்புக்கு அது அந்நியன்கூட இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் வரும். ஒவ்வோர் ஆறாவது இடமாக நிரம்பும். முதலில் தலை கனக்கும். அதைக் குளியலின் சுகம் என்று நினைத்துக்கொள்வார். பிறகு கால் துவளும். எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றும்போது கால் கேட்காது. சத்தம் போடத் தோன்றாது. மேலே தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். நடந்து நடந்து அவள் கடைசி வரிசைக்கு வந்திருந்தாள். ஷாஹிதா எழுதிக்கொண்டிருந்தாள், வகுப்பில் வாயே திறக்காமல் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிற பெண். மங்கையர்க்கரசி அவள் முதுகுக்குப் பின்னால் நின்று படித்தாள். படிக்கக்கூடாது. ஷாஹிதா சதுரம் போட்டு, நடுவில் இரும்பு வைத்து, ஆறாவது இடத்தைப் புள்ளிக்கோட்டால் காட்டியிருந்தாள். கீழே, மங்கையர்க்கரசி வகுப்பில் சொன்ன அதே சொற்களில், ஒரு சொல் மாறாமல்: கருவி காட்டும் எண்ணை நம்பிக் காத்திருப்பது ஆபத்து, நோயாளியைக் காற்றோட்டமான இடத்துக்கு உடனே அப்புறப்படுத்த வேண்டும். பேனா நின்றது. ஷாஹிதா மெல்லத் திரும்பி, பயத்தோடு பார்த்தாள். "தப்பா மேடம்?" என்றாள். "சரிதான்" என்று சொன்னாள் மங்கையர்க்கரசி. அப்படிச் சொல்வதும் விதிக்கு மாறுதான். "சரியாத்தான் எழுதியிருக்க."

அவள் நேராக வாசலுக்கு நடந்தாள். வாசற்படியைத் தாண்டினாள். பின்னால் யாரோ, "டேய், மேடம் போறாங்கடா" என்று கிசுகிசுத்தது கேட்டது. வராந்தாவில் வேகமாக நடந்து, படியில் இறங்கும்போது ஓட ஆரம்பித்தாள். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முற்றத்தைக் குறுக்கே கடந்து, பரீட்சை அலுவலகத்துக் கதவைத் தள்ளினாள். தேவசகாயம் கட்டுகளுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார். "மேடம், ஹால்ல யாரு?" "யாரும் இல்ல சார். போன் குடுங்க." "யாரும் இல்லியா?" மெழுகுவத்தி அவர் கையில் நின்றது. "படை டோல்கேட் தாண்டியாச்சு. விளையாடறீங்களா?" "வீட்டுக்காரர் பாத்ரூம்ல இருக்கார் சார்." "இருக்கட்டும். அதுக்கு?" இத்தனை வருஷம் விளக்கியே பிழைத்தவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. கையை நீட்டியபடி நின்றாள். அவர் அந்தக் கையையும் அவள் முகத்தையும் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். பிறகு, "நஞ்சப்பா, அந்த ஹால்ல நான் போய் நிக்கறேன்னு சொல்லு" என்று யாருமில்லாத வராந்தாவைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டே போனார்.

மணி அடித்தது. அடித்து நின்றது. மறுபடி போட்டாள். அவர் போனை எப்போதும் சோபாக் கைப்பிடியில்தான் வைப்பார். எண்ணெய்க் கையோடு எடுக்க மாட்டார். அதனால் எடுக்கவில்லை என்பதற்கு அர்த்தம் எதுவுமில்லை. முனிரத்னம்மாவுக்குப் போட்டாள். "சொல்லுங்க டீச்சரம்மா" என்றது குரல். பின்னால் குக்கர் விசில். "அக்கா, உடனே கீழ போங்க. பின்கதவு தொறந்துதான் இருக்கும். அவர் பாத்ரூம்ல இருக்காரா பாருங்க." "ஐயே, சார் குளிச்சிட்டிருப்பாரு, நான் எப்பிடிம்மா போறது." "போங்கக்கா. போனை வைக்காதீங்க." படி இறங்கும் மூச்சு கேட்டது. கொலுசு கேட்டது. "தண்ணி ஊத்தற சத்தம் கேக்குது. குளிக்கறாரும்மா, நல்லாத்தான் இருக்காரு." "கூப்பிடுங்க." "சார்." கொஞ்சம் பெரிதாக, "சார், டீச்சரம்மா போன்ல இருக்காங்க." தண்ணீர் விழும் சத்தம் மட்டும் மாறாமல் வந்தது. மொண்டு ஊற்றினால் சத்தம் விட்டு விட்டு வரும். "பேசலியே" என்றாள் முனிரத்னம்மா. அவள் குரல் மாறியிருந்தது. "உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க. கதவை உடைங்க. உள்ள போறப்ப மூச்சு விடாம போங்க, மேல இருக்கற ஃப்ளெக்ஸைக் கிழிங்க, அவரை வெளிய இழுங்க." பிறகு கன்னடத்திலும் தமிழிலுமாகக் கத்தல். ஓடும் கால்கள். முதல் இடிக்குக் கதவு அசையவில்லை. அவர் போன தீபாவளிக்குத்தான் தாழ்ப்பாளை மாற்றினார், ஆலையிலிருந்து கொண்டுவந்த நல்ல எஃகு. இரண்டாவது இடி. மூன்றாவதில் மரம் பிளக்கும் சத்தம். அரக்கு உருகும் வாசனை அறையில் இருந்தது. மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது, நீலத்துக்கு மேலே மஞ்சள். அவள் அதை ஊதி அணைத்தாள்.

"உக்காந்திருக்காரும்மா, செவுத்துல சாஞ்சு" என்றாள் முனிரத்னம்மா. "கண்ணு பாக்குது. வெளிய இழுத்துட்டோம், துவைக்கிற கல்லுகிட்ட படுக்க வெச்சிருக்கு. துண்டு போட்டாச்சு. மொகம் நல்லா களையாத்தாம்மா இருக்கு, செவப்பா. லேசா மயக்கம் போல. சூடா காபி குடுத்து உள்ள கொண்டு போயி..." "காபி வேண்டாம். உள்ள வேண்டாம். ஆட்டோ கூப்பிடுங்க." "அவ்வளவு பயப்பட ஒண்ணுமில்ல டீச்சரம்மா." "அக்கா, கேளுங்க. ஆஸ்பத்திரியில மயக்கம்னு சொல்லாதீங்க. பூட்டின பாத்ரூம்ல கேஸ் கீசர்னு சொல்லுங்க. ரத்தத்தை எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. மூஞ்சிக்கு மாஸ்க் போட்டு முழு ஆக்சிஜன் வைக்கச் சொல்லுங்க, விரல்ல மாட்டறது எவ்வளவு நல்லா காட்டினாலும் எடுக்கக்கூடாதுன்னு சொல்லுங்க. நான் வந்துட்டே இருக்கேன்." அவள் வண்டிச் சாவியைத் தேடினாள். கைப்பை பரீட்சை அறையிலேயே கிடந்தது. வாசலில் வெள்ளை ஜீப் ஒன்று வந்து நின்று, கோப்புகளோடு நான்கு பேர் இறங்கினார்கள். அவள் அவர்களைத் தாண்டி ரோட்டுக்கு ஓடி, ஷேர் ஆட்டோ ஒன்றை மறித்து, தனியாகப் போக வேண்டும் என்று சொல்லி ஏறினாள். போன் காதிலேயே இருந்தது. எட்டு வருஷப் பழக்கத்தில் முதல் முறையாக முனிரத்னம்மா யாரையோ அதட்டுவது கேட்டது. ஆட்டோ கிளம்பும் சத்தம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கேட்டது. வெறும் காற்றில் மோனாக்சைடு பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் வைத்தால் சீக்கிரம் இறங்கும். இறங்கும். எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தாலும் அது இரும்பை விட்டு விட்டுத்தான் பிடிக்கிறது. விடுகிற அந்த நொடியில் பக்கத்தில் ஆக்சிஜன் நின்றுகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். மூளையில் ஏற்கெனவே ஆனது என்ன என்பதை எந்தச் சதுரமும் சொல்லாது.

"சார் காதுல வெச்சிருக்கேன், பேசுங்க" என்றாள் முனிரத்னம்மா. காற்று அறைந்தது. பிறகு அவர் குரல், வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல, "அரசி." "சொல்லுங்க." "பரீட்சை முடிஞ்சிருச்சா?" "முடிஞ்சிருச்சு." "மூணு மணி நேரமா நான் உள்ள இருந்தேன்?" "இல்லங்க. பேசிட்டே இருங்க." "என்ன பேச." "எதையாவது. என்ன நியூஸ் பேப்பர்ல?" அவர் யோசித்தார். யோசிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஆட்டோ ஒரு சிக்னலைத் தாண்டியது. "ஞாபகமில்ல" என்றார். எதையும் வரி விடாமல் படிப்பவர். அவள் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பரவால்ல. வேற பேசுங்க." "தலையில சீயக்கா அப்பிடியே இருக்கு. கழுவவே இல்ல. இப்பிடியேவா ஆஸ்பத்திரிக்குப் போறது, ஜனங்க பாக்குது." "இப்பிடியே போங்க." "மானம் போகுது அரசி." "போகட்டும். மூச்சை நல்லா இழுத்து விடுங்க." அவர் இழுப்பது கேட்டது, எண்ணெயும் தண்ணீரும் ஒழுகும் மீசை வழியாக, கரகரவென்று. விடுவதும் கேட்டது. அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.